ஆறு எத்தனை அடி வரும்?

மார்ச் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஃபார்கோவில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "எத்தனை அடியாம்?" என்றுதான் கேட்பார்கள். கடையில் பில் போடுகிற பெண் கேட்பாள். பல் டாக்டர் என் வாயில் கருவியை வைத்துக்கொண்டே கேட்பார், பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தும். அடி என்றால் ஊர் நடுவே ஓடும் ரெட் ஆறு ஏறப்போகிற உயரம். 18 அடியில் வெள்ளக் கணக்கு தொடங்கும். 30 என்றால் பேச்சு குறையும். 40 என்றால் பேச்சே இருக்காது, ஆளாளுக்குக் கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்த வாரமும் அதே கதைதான். வயல்களில் பனி கிடக்கிறது. தெற்கிலிருந்து சூடான காற்றும் கூடவே கனமழையும் வரும் என்று கணினி மாடல்கள் காட்டுகின்றன. நம் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள்: "அண்ணா, நம்பர் சொல்லுங்க."

இந்த முறை நான் நம்பர் சொல்லப்போவதில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஆற்றைப் பற்றி. ரெட் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "வடக்கயா? அது எப்படிடா?" என்றார். காவிரிக் கரையில் பிறந்தவருக்கு ஆறு என்றால் கிழக்கே போக வேண்டும், வேறு திசை என்றால் ஏதோ கோளாறு. கோளாறு இருக்கத்தான் செய்கிறது. வசந்தம் தெற்கிலிருந்து மேலே ஏறி வரும். தெற்கே பனி உருகித் தண்ணீர் கிளம்பிவிடும். அது போகவேண்டிய வடக்கில் ஆறு இன்னும் கட்டியாக உறைந்து கிடக்கும். பனிப்பாளங்கள் பாலத்திலும் வளைவிலும் சிக்கி அடைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற தண்ணீர் எங்கே போகும்?

பக்கவாட்டில்தான் போகும். இந்தப் பள்ளத்தாக்கைப் பள்ளத்தாக்கு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். பனியுகம் முடிகிற காலத்தில் இங்கே அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி இருந்தது. அந்த ஏரியின் அடித்தரையில்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். தோசைக்கல் மாதிரி தட்டை. ஆற்றுக்கு ஒரு மைலுக்கு ஓர் அடி கூட இறக்கம் கிடையாது. கரையைத் தாண்டிவிட்டால் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்த பால் மாதிரி மைல்கணக்கில் பரவும்.

இத்தனைக்கும் சென்னையில் ஒரு வருடத்தில் பெய்வதில் பாதி கூட இங்கே பெய்யாது. ஆனால் நவம்பரிலிருந்து விழுந்ததெல்லாம் பத்திரமாகத் தரையிலேயே சேர்ந்திருக்கும். ஐந்து மாதச் சம்பளத்தை மொத்தமாக ஒரே வாரத்தில் எடுத்துச் செலவழிக்கிற ஆள் மாதிரி இந்த ஆறு.

சரி, என் பைத்தியத்துக்கு வருகிறேன். கோகோராஸ் என்று தன்னார்வலர்கள் மழை அளக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் திடீர் வெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்த மழை மறுபக்கத்துக்குத் தெரியவில்லை. அடுத்த வருடமே தொடங்கினார்கள். அதற்காக என் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி நிற்கிறது. நான்கு அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் உருளை. தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து அனுப்ப வேண்டும். மழை என்றால் சுலபம். பனிக்காலத்தில் உருளையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து, அளந்த வெந்நீரை ஊற்றிப் பனியை உருக்கி, ஊற்றிய வெந்நீரைக் கழித்து மிச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். "காலங்காத்தால பனியைக் காய்ச்சுறாரு" என்று என் மனைவி ஊருக்குப் போனில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வெள்ளத்தின் சூட்சுமமே அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. பனி எத்தனை அடி உயரம் என்பது புகைப்படத்துக்கு. அதற்குள் எத்தனை அங்குலத் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பதுதான் ஆற்றுக்கு. பஞ்சு மாதிரி ஓர் அடி பனியில் ஓர் அங்குலத் தண்ணீர் கூட இல்லாமல் போகலாம். இறுகிப்போன பழைய பனி என்றால் அதே ஓர் அடியில் மூன்று நான்கு அங்குலம் இருக்கும்.

நான் உருளையில் செய்வதை அரசாங்கம் விமானத்தில் செய்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மண்ணில் இயற்கையாகவே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் எல்லாம் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றிலிருந்து மெல்லிய காமா கதிர் மேலே வந்துகொண்டே இருக்கும். நடுவில் தண்ணீர் இருந்தால் அது குறையும், பனியாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே குளிர்காலத்துக்கு முன்பு ஒருமுறை, பனி மூடிய பிறகு ஒருமுறை, ஒரே பாதையில் சுமார் 500 அடி உயரத்தில் பறந்து அளக்கிறார்கள். குறைந்த அளவை வைத்துக் கீழே எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள். மண்ணையே விளக்காக வைத்துப் பனியை எடை போடுகிற வேலை இது.

இவ்வளவு செய்தும் ஒரே எண்ணாக ஏன் சொல்ல முடியவில்லை? ஏனென்றால் பனியின் கணக்கு பாதிதான். போன இலையுதிர்காலத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது, எவ்வளவு ஆழம் உறைந்தது, இரவில் மறுபடி உறைகிறதா அல்லது இரவும் பகலும் ஒரே மூச்சில் உருகுகிறதா, எல்லாவற்றுக்கும் மேல் உருகும் நேரத்தில் மழை வருகிறதா, இவையெல்லாம் சேர வேண்டும். அந்த மழையை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மழையைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் உண்டு. சூடான மழை பனியை உருக்கித் தள்ளிவிடும் என்று நினைக்கிறோம். 10 டிகிரி செல்சியஸில் ஓர் அங்குல மழை விழுந்தால், அந்த மழையின் சூட்டால் மட்டும் உருகுவது சுமார் 3 மில்லிமீட்டர் தண்ணீர். அவ்வளவுதான். உண்மையில் உருக்குவது மழையோடு வரும் ஈரமான சூடான காற்று. பனிமேல் மூடுபனி படர்கிற நாளில் பாருங்கள், மாலைக்குள் வயலில் கறுப்பு மண் தெரியும். மழையின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கீழே நிலம் சிமெண்ட் தரை மாதிரி உறைந்திருப்பதால் விழுந்த மழை அப்படியே வழிந்து ஓடும்.

இப்போது 1997. இங்கிருந்து 80 மைல் வடக்கே இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்துக்குத் தேசிய வானிலைச் சேவை சொன்ன முன்கணிப்பு 49 அடி. பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு 1979 வெள்ளம் நினைவிருந்தது. அது 48.8 அடி. "அதைத் தாங்கினோமே, இதையும் தாங்குவோம்" என்று கரையை இன்னும் சில அடி உயர்த்திக் கட்டினார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பெரும் பனிப்புயல் வந்து மழையும் பனியுமாகக் கொட்டிவிட்டுப் போனது. ஆறு 54.35 அடி வந்தது. ஊரே காலி செய்துகொண்டு போனது. தண்ணீர் நிற்கும் தெருவில் தீயும் பிடித்து, நகர மையத்தில் 11 கட்டடங்கள் எரிந்தன. இடுப்பளவு வெள்ளத்துக்கு நடுவே நின்றும் அணைக்கத் தண்ணீர் இல்லை, குழாய்களில் அழுத்தம் போய்விட்டது. (அந்த ஊர் நாளிதழின் கட்டடமும் எரிந்தது. வேறு ஊரிலிருந்து அச்சடித்துப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் புலிட்சர் விருது கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.)

வெள்ளம் வடிந்த பிறகு எல்லோரும் முன்கணிப்பாளர்களைத்தான் திட்டினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஐந்து அடி முன்னே பின்னே ஆவது இந்த மாதிரிக் கணக்கில் நடக்கக்கூடியதுதான், அதைச் சத்தமாகச் சொல்லாதது அவர்கள் தப்பு. ஆனால் 49 என்று காதில் விழுந்ததும் அதைக் கல்லில் வெட்டியது போல எடுத்துக்கொண்டது யார்? நாமும்தானே. நம்மிடம் குத்துமதிப்பு என்று எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது! கல்யாணப் பந்திக்கு 500 பேர் என்றால் சமையல்காரர் 500 இலைக்கா சமைக்கிறார்? ஆற்று விஷயத்தில் மட்டும் நமக்குத் தசமப் புள்ளி வரை வேண்டும்.

அடுத்து என் கதை. இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, இதே போல ஒரு மார்ச். முன்கணிப்புப் பக்கத்தில் படம் இருந்தது. இத்தனை அடியைத் தாண்ட 50 சதவீத வாய்ப்பு, இத்தனையைத் தாண்ட 25, இன்ன அளவுக்கு 5 என்று. அதன் கீழே நான்கு வரி: நிலம் உறைந்திருக்கிறது, மழை பெய்தால் ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் தாழ்வான இடங்களிலும் தண்ணீர் தேங்கலாம். நான் என்ன செய்தேன்? நடுவில் இருந்த 50 சதவீதக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துக் குழுவில் போட்டு, "இவ்வளவுதான், நம்ம ஏரியாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று எழுதினேன். நாற்பது கட்டைவிரல்கள் வந்தன. அந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மழை ராத்திரி வந்தது. நான் தூங்காமல் ஆற்றின் அளவைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன எண்ணைத் தாண்டவேயில்லை. என் கணிப்பு சரி! அந்தச் சந்தோஷத்தில் அதிகாலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது பேஸ்மென்டில், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில், ஏதோ தட்டுகிற சத்தம். விளக்கைப் போட்டால் என் செருப்பு மிதந்து வந்து படிக்கட்டில் முட்டிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் சம்ப் என்றால் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இங்கே பேஸ்மென்ட் மூலையில் ஒரு சம்ப் குழி உண்டு, அதில் தண்ணீர் இருக்கக் கூடாது என்று எட்டிப் பார்ப்போம். ஊறி வரும் நீரை வெளியே தள்ள ஒரு பம்ப். பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே போகும் குழாயின் நுனி உறைந்து அடைத்துக் கிடந்தது. தண்ணீர் போக வழியில்லை.

அட்டைப்பெட்டிகளில் கொலு பொம்மைகள் இருந்தன, அம்மா வருடத்துக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்பியவை. களிமண் பொம்மைகள் சாயம் போனதோடு தப்பின. காகிதக்கூழ் பொம்மைகள் ஊறிவிட்டன. செட்டியார் பொம்மையைத் தூக்கினேன், உடம்பு கையில் வந்தது, முகம் பெட்டியிலேயே தங்கிவிட்டது. அடுத்த நாள் குழுவில் இருந்த ஒரு தம்பி கூப்பிட்டார். நீங்க சொன்னீங்கன்னு பேஸ்மென்டுல எதையும் மேல எடுத்து வைக்கலண்ணா என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "பரவால்லண்ணா, துணிதான்" என்றும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஆக, நம்பர் சரியாகவே இருந்தது. அந்தத் தம்பியின் வீட்டுக்கு அந்த நம்பரால் ஒரு பயனும் இல்லை.

இதைச் சொன்னால் அம்மா உடனே, "மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாது, இவனுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். அந்தப் பழமொழியைக் கையை விரிக்கத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதன் இரண்டாம் பாதிதான் பிடிக்கும். டாக்டர் தேதி கொடுக்கிறார். அந்தத் தேதியிலேயே பிள்ளை பிறக்கும் என்று எந்தப் பாட்டியாவது நம்பியிருக்கிறாளா? அதற்காகச் சும்மா இருக்கிறாளா? எட்டாம் மாதமே பழைய வேட்டியைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துவிடுகிறாள். வெள்ளத்துக்கும் அந்தப் பாட்டி போதும்.

இந்த ஊருக்கு அது தெரியும். 2009இல் ரெட் ஆறு இங்கே 40.84 அடி ஏறியது, இதுவரை வந்ததிலேயே அதிகம். 43 வரைக்கும் போகலாம் என்று பயந்து அதற்கேற்பக் கரை எழுப்பியிருந்தார்கள். கடைசி நேரத்தில் குளிர் திரும்பி வந்து உருகுவதை நிறுத்தியதால் 40.84இலேயே நின்றது. நான் வந்து சேர்ந்தது 2010இல். அடுத்த வசந்தத்தில் மாணவர்களோடு மாணவனாக மணல் மூட்டை கட்டப் போனேன். மூட்டையை முழுக்க நிரப்பக் கூடாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும், அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று படியும் என்று ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்தார். உறைந்த மூட்டை ஆகவே ஆகாது, செங்கல் மாதிரி இடுக்கு விட்டு நிற்கும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். பக்கத்தில் நின்றவரிடம் "இந்த வருஷம் எத்தனை அடி?" என்று கேட்டேன். "எத்தனையா இருந்தா என்ன, மூட்டையைப் பிடி" என்றார்.

இப்போது ஊரைச் சுற்றி 30 மைல் நீளத்துக்கு வெள்ளக் கால்வாய் வெட்டுகிறார்கள். வேலை முடிந்த பிறகு இந்த அடிக்கணக்குப் பேச்சு குறையும் என்று சொல்கிறார்கள். குறையட்டும். ஆனால் பேஸ்மென்டில் ஊறுகிற தண்ணீருக்குக் கால்வாய் ஒன்றும் செய்யாது.

குழுவில் கேட்டவர்களுக்கு முழுப் படத்தையும் வெட்டாமல் போட்டிருக்கிறேன், கீழே உள்ள நான்கு வரியோடு. 50 சதவீதத்தைப் பார்க்காதீர்கள், 5 சதவீதக் கட்டத்தைப் பாருங்கள். அந்த அளவு வந்தால் உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும், வேலைக்குப் போகிற பாலம் மூடுமா என்று மட்டும் யோசித்து வையுங்கள். பேஸ்மென்டில் தரையில் இருப்பதை இன்றே ஒரு முழமாவது உயர்த்தி வையுங்கள். சம்ப் குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் போதாது, வெளியே போய்க் குழாய் நுனியில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

என் வீட்டில் இன்று மாலை பார்த்தேன். வரவில்லை. மனைவி வெந்நீர் வைத்திருக்கிறாள், போய் ஊற்றிவிட்டு வருகிறேன்.