செட் ஆகிட்டுது அண்ணே!

வெள்ளவத்தையில் செட் என்ற ஒரு சொல்லை வைத்தே ஆயுசை ஓட்டிவிடலாம் போல. நகைக்கடையில் மாலையும் தோடும் செட். பிரிட்ஜில் ஜெலி செட் ஆகவில்லை. அக்காவின் மகனுக்குப் பொம்பிளை செட். சூரியன்கூட காலிமுகத்திடலில் செட் ஆகிறதாம், மறையக் கூடாதா? ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் இதற்கு 430க்குக் குறையாத பொருள். எங்கள் ஒழுங்கைக்கு வந்திருந்தால் இன்னொரு தொகுதி போட்டிருப்பார்கள்.

நேற்று மேசன் பாஸ் போனில், "செட் ஆகிட்டுது அண்ணே." கொங்கிரீட்தானே என்று நம்பிக் காலை வைத்தேன். கணுக்கால்வரை சீமெந்து. பக்கத்தில் நாயின் காலடி வேறு, அழகாக நான்கு.

"செட் எண்டு சொன்னீங்களே?"

"நாளைக்கு வேலைக்கு ஆள் செட் எண்டன்!"