பலத்த தலைக்காயம்: பெண்ணை ஹார்மோன் காப்பாற்றுமா?

தலையில் பலமாக அடிபட்டால் ஆணைவிடப் பெண் தப்பிப்பாள், பெண் ஹார்மோன் மூளையைக் காக்கும் என்று மருத்துவம் படித்தவர்களே சொல்லக் கேட்கலாம். இதை இப்படிப் பரப்புவது ஆபத்து.

இந்த எண்ணத்தின் வேர் எலிச் சோதனைகளில் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் மிகுந்திருந்த பெண் எலிகளுக்கு மூளை வீக்கம் குறைவு. அந்த ஹார்மோனை ஆண் எலிகளுக்குச் செலுத்தியபோதும் வீக்கம் குறைந்தது. 2007இல் 100 பேரிடம் நடந்த சிறு சோதனையும் நம்பிக்கை தந்தது. அடுத்து 882 பேரிடமும் 1,195 பேரிடமும் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2014 டிசம்பரில் வெளிவந்த முடிவு: இரண்டிலும் பலனில்லை. முதலாவதில் ஆறு மாதம் கழித்து நன்றாகத் தேறியவர்கள், ஹார்மோன் பெற்றவர்களில் 51 சதவீதம், பெறாதவர்களில் 55.5.

ஏன் இப்படி? ஆய்வுக்கூடத்தில் எலிக்கு ஒரே இடத்தில், ஒரே விசையில் அடி விழுகிறது. மருந்தும் குறித்த நேரத்தில் போகிறது. மனிதருக்கோ ஒருவருக்கு மூளையுறைக்குக் கீழே ரத்தக்கட்டு, இன்னொருவருக்கு நரம்பிழைகள் அறுந்த காயம், மூன்றாமவருக்கு அதோடு மூச்சுத்திணறலும் சேர்ந்திருக்கும்.

ஹார்மோன்தான் காரணமென்றால் மாதவிடாய் நிற்காத இளம்பெண்களிடம் அந்த நன்மை தெளிவாகத் தெரிய வேண்டும். 2009இல் அமெரிக்காவில் 72,294 பேரின் பதிவுகளை அலசியபோது தெரிந்தது நேர்மாறு: இறப்பு குறைந்திருந்தது 45 வயதைக் கடந்த பெண்களிடம்தான். இளவயதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

வெறும் இறப்பு விகிதத்தை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். வாகன விபத்தில் வருவோரில் இளைஞர்கள் அதிகம். வழுக்கி விழுந்து வருவோரில் வயதான பெண்கள் அதிகம், அவர்களில் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள். வயது, கை கால் அசைவு, வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா என்ற மூன்றுமே முடிவைப் பெரிதும் கணிக்கின்றன. உலகெங்கும் பயன்படும் இம்பாக்ட் கணிப்பு முறையில் பாலினத்துக்கு இடமே இல்லை. 'பிழைத்தார்' என்ற சொல்லையும் துருவிப் பார்க்க வேண்டும்: கண் திறந்து படுக்கையில் நினைவின்றிக் கிடப்பவரும், வேலைக்குத் திரும்பியவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், ஹார்மோனைவிட நாம் கவலைப்பட வேண்டியது சிகிச்சையில் உள்ள பாரபட்சத்தைப் பற்றி. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும்: 10 நிமிடத்தில் 1 கிராம், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். இருபாலருக்கும் அதன் பலன் ஒன்றே. ஆனாலும் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வந்த ஆய்வில், விபத்துக்காயத்தோடு வந்த பெண்களுக்கு அது ஆண்களைவிட மிகக் குறைவாகவே தரப்பட்டிருந்தது. தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் 15 முதல் 49 வயதுவரையும் 70க்கு மேலும் 110க்குக் குறையக் கூடாது; 50 முதல் 69 வரை 100. இந்த அளவிலும் ஆண், பெண் பேதம் கிடையாது. ஒவ்வொரு விபத்துப் பிரிவும் மருந்து போன நேரத்தையும் ரத்த அழுத்தத்தையும் ஆண், பெண் எனத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கட்டும். இடைவெளி இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.