பட்டாபிஷேகத்துக்கு அப்புறம்

கடனில் மூழ்கியவர்கள் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கொரியத் தொடர் ‘ஸ்க்விட் கேம்’. அதன் மூன்றாவது சீசனைப் பார்த்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பயத்தில் இல்லை, வருத்தத்தில். 2021 செப்டம்பரில் வந்த அந்த ஒன்பது எபிசோடுகள் எவ்வளவு அழகாக முடிந்திருந்தன! விளையாட்டில் ஜெயித்து, விமானம் ஏறப் போன கி-ஹூன் திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான். அவன் எங்கே போவான், என்ன செய்வான் என்பதையெல்லாம் நாமே நாள்கணக்கில் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இயக்குநர் ஹ்வாங் டாங்-ஹியூக்கும் அத்தோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் இருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் யாரும் எடுக்க முன்வராமல் கிடந்த கதை அது. தனியாளாக எழுதி இயக்கியதில் எட்டு ஒன்பது பற்கள் போய்விட்டன என்று அவரே சொன்னார். உலகமே பார்த்த முதல் சீசனில் தனக்குப் பெரிதாகப் பணம் கிடைக்கவில்லை, இரண்டாவதை எடுக்க அதுவும் ஒரு காரணம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உழைத்தவருக்குச் சேர வேண்டியது முதலிலேயே சேர்ந்திருந்தால், அந்த முடிவும் அப்படியே இருந்திருக்குமோ என்ற ஆதங்கம்தான்.

அதற்காக, ‘முடிந்த கதையைத் தொடவே கூடாது’ என்று சொல்பவர்கள் பக்கமும் என்னால் போக முடியவில்லை. அதற்குக் காரணம் 1988.

ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணி. தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. காரைக்குடியில் எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டே வீட்டில். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. வடக்கே பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மாமா ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். கதை தெரிந்த கதைதானே, அவர் வராத வாரங்களிலும் எங்களுக்குப் புரிந்தது.

1987 ஜனவரியில் தொடங்கியபோது 52 வாரம் என்றுதான் திட்டம். ஓடியது 78 எபிசோடு. அந்தக் கூடுதல் எபிசோடுகளின் கனம் யுத்தம் வந்தபோது எங்களுக்கே தெரிந்தது. இந்தப் பக்கத்து அம்பும் அந்தப் பக்கத்து அம்பும் நடு வானத்தில் மெதுவாக வந்து முட்டிக்கொள்ளும். அதற்குள் ஒவ்வொரு முகமாக அருகில் காட்டி முடிப்பார்கள். பக்தியோடு பார்த்தவர்களே நெளிந்தார்கள். நீட்டுவது என்றால் என்ன என்பதை நான் முதலில் கண்டது அங்கேதான்.

1988 ஜூலை 31 அன்று பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிந்தது. எங்கள் ஐயாவுக்கு முழுத் திருப்தி. கம்பன் கழகம் 1939 முதல் எங்கள் ஊரில் நடத்திவரும் விழாவுக்கு ஒரு வருஷம்கூடத் தவறாமல் போனவர் அவர். அனுமன் அரியணையைத் தாங்க, அங்கதன் உடைவாள் ஏந்த, பரதன் குடை பிடிக்க, வசிட்டர் முடிசூட்டுகிறார். கம்பர் நிறுத்திய இடம் அது. வடக்கே துளசிதாசரும் தன் ராமசரிதமானஸில் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதையைச் சொல்லவில்லை. பட்டாபிஷேகத்துக்குப் பின் நடப்பதைச் சொல்லும் உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பார்கள், ஐயா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

அப்பத்தாதான் கேட்டாள்: “பட்டம் கட்டியாச்சு, சரி. இம்புட்டுப் பட்டுட்டு வந்த அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னாச்சுன்னு காட்டமாட்டாகளா?”

அதே கேள்வியைப் பஞ்சாபில் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். தொடர் முடியும் சமயத்தில் வேலைநிறுத்தம். கோரிக்கை கூலி உயர்வு இல்லை, உத்தரகாண்டத்தையும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது. வால்மீகியைத் தங்கள் முன்னோராகவே வணங்கும் மக்கள் அவர்கள். வால்மீகி கதைக்குள்ளேயே பெரிய பாத்திரமாக வருவது அந்தக் காண்டத்தில்தான். கைவிடப்பட்ட சீதைக்கு ஆசிரமத்தில் இடம் கொடுத்து, பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்குக் கதையைப் பாடச் சொல்லிக்கொடுப்பவர் அவர். பட்டாபிஷேகத்தோடு திரை விழுந்தால் அதெல்லாம் இல்லாமலே போகிறது. வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு ஊர்களுக்கும் பரவியது. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது, சாகரும் ‘லவ் குஷ்’ எடுத்தார்.

இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு தொடரில் தங்கள் பங்கு விட்டுப்போனதைக் கண்டு, தெருவைக் கூட்டுகிற மக்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கதையை அதைவிடப் பெரிதாக யாரும் மதித்துவிட முடியாது.

ஒரே மனிதர் எடுத்த ஒரே கதைதான். யுத்தத்தை இழுத்தபோது முன்பே பார்த்ததையே திரும்பக் கொடுத்தார். ‘லவ் குஷ்’ஷில், முதல் தொடரில் காட்டாமல் விட்ட பக்கத்தைத் திறந்தார் என்றே எங்கள் வீட்டுப் பெண்கள் நினைத்தார்கள். அது தனிப் பெயரோடு வந்தது, அதற்கென்று ஒரு முடிவும் இருந்தது. சீதை பூமிக்குள் போகும் காட்சியில் அப்பத்தா எழுந்து நின்றுவிட்டாள். “போனதுதான் சரி” என்று மட்டும் சொன்னாள். ஐயா டிவி முன்னால் வரவே இல்லை. ஆனால் திண்ணையில் அவர் கையில் இருந்த பேப்பரில் அரை மணி நேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ‘ராமாயணை’ மறுபடி போட்டுவிட்டு அடுத்ததாக ‘லவ் குஷ்’ஷையும் போட்டபோது, அப்பத்தா இல்லாத வீட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம்.

அதனால்தான் ‘ஸ்க்விட் கேம்’ விஷயத்தில் எனக்கு இத்தனை வருத்தம். பின்னால் வந்த சீசன்களில் மறுபடியும் பச்சை உடை, மறுபடியும் விளையாட்டு, மறுபடியும் தலைக்கு மேல் பணக்குவியல். யுத்தகாண்டத்து அம்புகள் மாதிரி. ஆனால் அந்த இரண்டு சீசன்களுக்குள்ளேயே ஒரு புதுக் கதை ஒளிந்துகிடந்தது. வட கொரியாவில் மகளை விட்டுவிட்டுத் தப்பி வந்தவள் நோ-உல். பகலில் கேளிக்கைப் பூங்காவில் பொம்மை உடைக்குள் நின்று குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறாள், பிறகு விளையாட்டில் தோற்றவர்களைச் சுடும் காவலாளியாக இளஞ்சிவப்பு உடை போட்டுத் துப்பாக்கி பிடிக்கிறாள். முதல் சீசனில் முகமூடிக்குப் பின்னாலேயே இருந்துவிட்ட காவலாளிகளைப் போன்ற ஒருத்தியின் வாழ்க்கை அது. எப்படி அங்கே வந்து சேர்ந்தாள், முதல் முறை சுட்டபோது அவளுக்கு என்ன ஆனது? அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். கி-ஹூனை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு, அவளுக்கென்று தனியாக நாலு எபிசோடு எடுத்திருந்தால், அந்த ராத்திரியும் நான் தூங்கியிருக்க மாட்டேன், அவளை நினைத்து.