சீல் பிரிக்காத டேப்லெட்டைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்

மூன்று வருடம் முன்பு தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அக்கா மகளுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை அப்படியே, சீல்கூடப் பிரிக்காமல், அவள் கையில் கொடுத்தேன். பிள்ளை தானே பிரிக்கட்டும், அந்தச் சந்தோஷம் அவளுக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் துள்ளிக் குதித்தாள். ‘எதுக்கு மாப்ளே இவ்வளவு செலவு’ என்றார் அத்தான். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆன் செய்ததுமே கூகுள் கணக்கு கேட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏது கணக்கு? வீடு முழுக்கப் பட்டாசும் பலகாரமுமாக இருந்த நேரம். அத்தான் தன் கணக்கையே போட்டுக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நானும் இரண்டு நாளில் சென்னைக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அக்கா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தான் போனில் எடுத்த படங்கள் எல்லாம் டேப்லெட்டிலும் வந்து நின்றன. அலுவலகக் காகிதங்கள், பெரியப்பாவின் ஆபரேஷன் முடிந்த புண்ணின் படம் உட்பட. அத்தான் ராத்திரியில் பார்க்கும் குற்றச் செய்திகளை வைத்து யூடியூப் பிள்ளைக்கும் அதே மாதிரி வீடியோக்களை எடுத்துக் கொடுத்தது. தம்பிக்காரனுக்கு ஐந்து வயது. அக்கா சமையலறையில் இருந்த ஒரு மாலையில், சாலை விபத்து ஒன்றின் சிசிடிவி காட்சியை அவன் முழுதாகப் பார்த்துவிட்டான். ஒரு வாரம் தூக்கத்தில் எழுந்து அழுதான். விளையாட்டு ஒன்றில் வைரம் வாங்க அத்தானின் கார்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். ஓடிபி அத்தான் போனுக்கு வந்ததால் பணம் தப்பியது.

அக்கா ஒருநாள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ‘தம்பி, நீ பொருளைக் கொடுத்துட்டுப் போயிட்ட. தினமும் பிடுங்கி வைக்கிற வேலை எனக்கு வந்திருச்சு. அவளுக்கு மாமா நல்லவன், அம்மா கெட்டவ.’

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்கிற மாமாவோ சித்தியோ தாத்தாவோ, அதைத் தயார் செய்து கொடுக்கிற பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்றால் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்கு அது எவ்வளவோ நல்லது.

முதலில் கேட்க வேண்டியது பிள்ளையின் அம்மாவிடம். இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று நான் கேட்காமல் வாங்கினேன். தினமும் அந்தத் திரையோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர்தான். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு பேச்சை விட்டுவிட வேண்டும். பள்ளிக்கே போகாத சின்னக் குழந்தை என்றால் கேட்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கம் 2021இல் சொன்ன வழிகாட்டுதல் இதுதான்: 2 வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். டிவி, அம்மா போன் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஏற்கெனவே டிவி ஓடுகிற வீட்டில் டேப்லெட்டுக்கு மிச்சம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது நான் கவனிப்பது கொஞ்சம்தான். 4 ஜிபி ரேமுக்குக் கீழே வேண்டாம், திணறும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று பார்த்து வாங்க வேண்டும். சிம் போடும் மாடல் வேண்டவே வேண்டாம், வைஃபை மட்டும் உள்ளது போதும். நம் ஊரில் பல வீடுகளில் தனி இணைய இணைப்பு கிடையாது, அம்மா போனின் ஹாட்ஸ்பாட்தான். அது ஒரு வகையில் நல்லது. அம்மா போன் வீட்டில் இல்லாத நேரம் டேப்லெட்டில் இணையமும் இருக்காது. அப்புறம், தடித்த ரப்பர் உறை ஒன்று. அதைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், முதல் வாரத்திலேயே கீழே விழும்.

இனி கணக்கு. நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

பிள்ளைக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். அப்பாவுடையதும் கூடாது, மாமாவுடையதும் கூடாது. கூகுளில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் கணக்கின் கீழே ஒரு கணக்கு தொடங்கலாம். அதைக் கவனித்துக்கொள்ள ஃபேமிலி லிங்க் என்ற ஆப், 2017இல் வந்தது, இலவசம். அம்மா போனில் அதைப் போட்டுவிட்டால் பிள்ளை எந்த ஆப் கேட்டாலும் அம்மாவுக்குச் செய்தி வரும், அவர் சம்மதித்தால்தான் இறங்கும். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே வைக்கலாம். ஐபேட் என்றால் குடும்பக் கணக்கில் பிள்ளையைச் சேர்த்து, ஸ்க்ரீன் டைம் என்ற பகுதியில் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யலாம்.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. பெரியவர் கணக்கென்றால் தொல்லை குறைவு என்று பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போட்டுவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒரே நொடியில் 25 வயது ஆளாகிவிடுகிறது. அதன் பிறகு அதற்கு வருகிற விளம்பரம், வீடியோ, பரிந்துரை எல்லாம் 25 வயது ஆளுக்கு வருவது. 2023இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. நாமே பிள்ளையைப் பெரியவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சட்டம் எப்படி நம் பிள்ளைக்கு வந்து நிற்கும்? தயவுசெய்து சரியான பிறந்த தேதியைப் போடுங்கள்.

இன்னொன்று: ஃபேமிலி லிங்க் சாவி அம்மா அப்பா கையில்தான் இருக்க வேண்டும். நம் போனில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஆட்சி செய்யக் கூடாது. இரண்டாவது முறை அக்கா வீட்டுக்குப் போய், அந்த டேப்லெட்டை முழுதாக அழித்து, எல்லாவற்றையும் அக்கா போனில்தான் அமைத்தேன். ‘எனக்கு இதெல்லாம் ஓடாதுடா, நீயே பார்த்துக்க’ என்றாள். விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திரையையும் அவள் விரலாலேயே தொட வைத்தேன். இப்போது அவள் தெருவில் இரண்டு வீட்டுக்கு அவளே அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

யூடியூபுக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் போதும். அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று படிகள் இருக்கின்றன. ஆனால் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது நான்காவது வழி: பெற்றோர் கைப்பட அனுமதித்த சேனல்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும் அமைப்பு. தேடவே முடியாது. பத்துப் பதினைந்து சேனல்களை உட்கார்ந்து தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க மனசில்லை என்றால், பிள்ளையின் நூறு மணி நேரத்தை யாரோ தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் திரை நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

இதெல்லாம் பூட்டு வேலை. பூட்டோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் எனக்கு வருத்தம். நன்றாகப் பூட்டி, உள்ளே ஒன்றுமே வைக்காமல் கொடுத்தால் பிள்ளைக்கு அது ஒரு சிறைக்கூடம். வேறென்ன செய்யும், யூடியூப் வேண்டும் என்றுதான் அழும். கொடுப்பதற்கு முன்னால் டேப்லெட்டை நிரப்ப வேண்டும். இணையமே இல்லாவிட்டாலும் பார்க்க, படிக்க, செய்ய அதில் ஏதாவது இருக்க வேண்டும்.

நான் நிரப்புவது இப்படி. அந்த வகுப்பின் பாடநூல்கள் பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை முதலில் இறக்கிவிடுவேன். பள்ளிக் கல்வித்துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி ஆப் பாடங்களைக் காணொளியாக விளக்குகிறது, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். படிக்கும் திறனுக்கு ஏற்ப 1 முதல் 4 வரை நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள், இறக்கிக்கொள்ளவும் விடுகிறார்கள். முப்பது நாற்பது கதைகளை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டருக்குப் பிள்ளையின் பெயரையே வைப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குப் பாடநூலைவிட இந்தக் கதைகள் கைகொடுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதோடு தமிழ் விசைப்பலகை. இதை யாரும் செய்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் தட்டத் தெரிந்த பிள்ளை தேடுவதும் ஆங்கிலத்தில்தான், நாளைக்கு எழுதப்போவதும் ஆங்கில எழுத்தில்தான். ‘அம்மா’ என்று தட்ட அது ஆங்கில எழுத்தைத் தேடிப் போக வேண்டுமா? செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகை ஆப்பைப் போட்டுக் கொடுத்தால் தமிழ்99 முறையிலேயே பழகலாம். அரசு 1999இல் தரமாக ஏற்ற விசைப்பலகை அது. பள்ளியில் படித்த உயிரெழுத்து, மெய்யெழுத்து கணக்கே தட்டுவதற்கும் போதும். பெரியவர்கள் நமக்குத்தான் அது கஷ்டம், பிள்ளைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

கேமராவும் குரல் பதிவும் டேப்லெட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து ஓடவிட்டால் அது நடக்கிற மாதிரி தெரியும் என்று காட்டினேன். அன்று முழுக்க அக்கா மகள் சமையலறைக் கத்தரிக்காயை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

டேப்லெட்டைக் கையில் கொடுக்கும்போது என்னென்ன பூட்டியிருக்கிறது, ஏன் பூட்டியிருக்கிறது என்று பிள்ளையிடமே சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்து வேவு பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அம்மாவால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று அக்கா போனையே காட்டிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அக்கா மகள் பேரம் பேசினாள். ‘மாமா, சனிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் கூட்டித் தாங்க, பரீட்சை வாரத்துல நானே குறைச்சுக்கிறேன்.’ அக்கா சம்மதித்தாள். அவள் கேட்டு வாங்கிய விதியை அவள் இதுவரை மீறவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு டேப்லெட் ஹாலில் உள்ள அலமாரிக்குப் போய்விடும், சார்ஜரும் அங்கேதான். படுக்கையறைக்கு அது போனதே இல்லை.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம சொல்லித் தரணுமா’ என்று கேட்கிறவர்கள் உண்டு. கொரோனாவில் 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் வரை திறக்கவே இல்லை. அந்த ஒன்றரை வருடத்தில் தயாரிப்பு எதுவும் இல்லாமல்தான் லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் போன் போனது. வேறு வழி இல்லை, யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே போவது. தெரியும் என்பது வேறு. ஆபத்து எது என்று எட்டு வயதில் யாருக்கும் தெரியாது.

டேப்லெட் வாங்க வசதியில்லாத வீடுகளில் அப்பாவின் பழைய போன்தான் பிள்ளைக்கு வருகிறது. அதற்கும் இதே வேலைதான், இன்னும் கவனமாக. பணம் அனுப்பும் ஆப், வங்கிக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். முதலில் செட்டிங்ஸில் போய்ப் பழைய கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு போனை முழுதாக அழியுங்கள். நேராக அழித்துவிட்டால் திரும்ப ஆன் செய்யும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கலாம்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், எனக்கு ஒரு முழு மாலை ஆகிறது. அப்டேட் இறங்கவே ஒரு மணி நேரம் போய்விடும். அதனால்தான் பிறந்தநாள் அன்று பிரிக்காமல் முந்தைய நாளே பிரித்துவிடச் சொல்கிறேன். எல்லாம் முடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்தால் பிள்ளை அதே துள்ளலோடுதான் பிரிக்கிறது. கடை சீல் இருந்ததா என்று இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் டேப்லெட்டை எடுத்து வந்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். ஆச்சி சொல்லும் கதை, அவர் கல்யாணமான வருடம் தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை. நடுவில் ஆச்சி இருமுகிறார், வெற்றிலை இடிக்கும் சத்தம் கேட்கிறது. இப்படிப் பதினேழு கதைகள் அந்த ஃபோல்டரில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அவளே தமிழில் தலைப்பு தட்டி வைத்திருக்கிறாள். நாற்பது வருடமாக ஆச்சி பக்கத்தில் இருந்த எங்களில் யாரும் செய்யாத வேலை.

அடுத்த மாதம் தம்பி மகனுக்கு ஒன்பது வயது முடிகிறது. தம்பி பெண்டாட்டியிடம் கேட்டேன், சரி என்றார். டேப்லெட் வாங்கியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப்போகிறேன், அவருடைய போனையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.