எல்லோரும் அறைக்குள் இருந்த காலத்தில்

2020 மார்ச் 11 அன்று கோவிட் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்ட பின் வந்த மாதங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது என்று உண்மையோடு உள்ள தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸ் என்னும் மனப்பிறழ்வின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் இந்நோய், பலருக்கு ஒரே நாளில் வெடிப்பதில்லை. நண்பர்களை விட்டு விலகுவது, இரவெல்லாம் விழித்திருப்பது, குளிக்காமல் இருப்பது, படிப்பில் பிடிப்பு விட்டுப்போவது என்று மாதக்கணக்கில் மெல்ல வருகிறது. ஆசிரியரோ, விடுதி அறைத்தோழியோ, உடன் விளையாடுபவனோதான் பல நேரங்களில் இதை முதலில் கவனிக்கிறார்கள். ஊரடங்கு அந்தக் கண்களை எல்லாம் ஒருசேர அகற்றிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு விடியவிடியக் கைப்பேசி பார்ப்பது வீட்டுக்கு வீடு நடந்ததால், நோயின் அறிகுறி எது, காலத்தின் கோலம் எது என்று பெற்றோருக்கே பிடிபடவில்லை. எதைத் தொட்டாலும் ஆபத்து என்று செய்திகளே சொல்லும்போது, பிள்ளையின் அச்சம் எந்த இடத்தில் எல்லை மீறியது என்று தாய் எப்படி அறிவாள்?

சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது. 1990களில் மெல்போர்னில் மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரி முதலானோர் இளையோருக்கெனத் தனி மையம் தொடங்கியதன் நோக்கமே இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான்.

காணொளி ஆலோசனை பலருக்குக் கைகொடுத்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கேமரா வழியே தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று நம்பி அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவைத்திருக்கும் பையனை அதே கேமராவின் முன் உட்காரச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில், மருத்துவருக்குத் தெரிந்ததெல்லாம் மின்விசிறி மட்டுமே. கைப்பேசி மேசைமேல் மல்லாந்து கிடந்தது. பையனோ சுவர்ப்பக்கம் திரும்பி, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தூக்கம் எப்படி என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, பழைய மாத்திரையையே எழுதினார்கள்.

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்கு (சைக்கோசிஸ் நீடிக்கும் ஸ்கிசோஃப்ரினியா நோய்க்கு) தரப்படும் க்ளோசபின் எடுப்பவர்களின் பாடு வேறு: அம்மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் அவற்றை எண்ணத் தவறாமல் இரத்தப் பரிசோதனை வேண்டும், தொற்று வந்தாலோ இரத்தத்தில் அம்மருந்தின் அளவே உயரக்கூடும். இத்தனைக்கும், கோவிட் கடுமையாகத் தாக்கக்கூடியவர்களின் பட்டியலில் மனச்சிதைவு உள்ளவர்களை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சேர்த்தது 2021 அக்டோபரில்தான்.

அடுத்த பெருந்தொற்றில் எந்தச் சேவையை நிறுத்தினாலும், முதன்முறையாகக் குரல்கள் கேட்கத் தொடங்கிய பிள்ளையை நேரில் பார்ப்பதை நிறுத்தக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அந்தப் பையனுக்கு அந்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்தே கிடைத்தது. முகக்கவசத்தோடு வந்த மருத்துவர் தன் கைப்பேசியை அவன் கண்ணெதிரே அணைத்து, அறைக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அவன் பேசினான்.