பதிவு தேதியையும் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை குமரி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு டூர்னமென்ட். 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்கான ஃபுட்பால், அரையிறுதி. எங்கள் ரைட் விங் பையனுக்குப் பதிமூன்று வயது, முப்பத்தாறு கிலோ தேறுவான். எதிரணி ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் நின்று தடுக்கிறவன், ஷேவ் செய்த தாடையோடு நிற்கிறான். முதல் மோதலிலேயே நம்ம பையன் தெறித்து விழுந்தான். எழுந்தான். மறுபடியும் விழுந்தான். இடைவேளையில் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறான், கட்டுகிறான், திரும்ப அவிழ்க்கிறான். கால் வலிக்குதா மக்கா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். “மாமா, நான் இனி இறங்கல.”

கமிட்டிக்காரர்களிடம் போய்க் கேட்டேன். பிறப்புச் சான்றிதழை நீட்டினார்கள். பிறந்த தேதி கச்சிதமாக இருந்தது. கீழே பதிவு செய்த தேதியைப் பார்த்தால், போன வருடம்! பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்க வேண்டும். தாமதமாகப் பதிந்ததெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு தாள் வந்தால் இன்னொரு ஆதாரம் கேட்க வேண்டாமா?

மீசையைப் பார்த்து வயது சொல்வதும் தப்பு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அணியில் சீக்கிரம் வளர்ந்த ஒரு பையனைக் கரையில் நின்றவர்கள் “இவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா” என்று கத்தினார்கள். அவன் அம்மா அங்கேயே நின்று அழுதார். பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பிறந்து பத்தொன்பதாம் நாள் எழுதிய பெயர். பையனுக்கு உண்மையிலேயே பதிமூன்றுதான்.

ஸ்கேன் எடுக்கலாமே என்கிறார்கள். 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஃபிஃபா மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தது. அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுக்க ஒட்டிப் போயிருந்தால் 17 தாண்டியவன் என்று கொள்வார்கள். ஒட்டவில்லை என்பதற்காக வயது குறைவு என்று ஆகிவிடாது. 14 வயது ஆட்டத்துக்கு அது உதவவும் செய்யாது. நமக்குத் தாள்தான் கதி, அதை ஒழுங்காகப் பார்ப்போம்.

எந்த ஊர்ப் பையன் எந்த அணிக்கு என்ற சண்டை வேறு. 1956-இல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. தூத்தூரிலிருந்து நீரோடி வரை ரேஷன் கார்டு குமரி மாவட்டம், கோயில் திருவனந்தபுரம் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். நீரோடியில் தூங்கி கேரளத்துப் பொழியூரில் படிக்கும் பையனை எந்த ஊர் என்று சொல்வீர்கள்? எந்த அணியோடு பயிற்சிக்கு வருகிறானோ அந்த அணி. ஒரு டூர்னமென்டில் ஒரே ஜெர்சி. அவ்வளவு போதும்.

அந்த ஸ்டாப்பர் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. தேதியை மாற்றியிருந்தால் அது பெரியவர்கள் வேலை. சின்னவர்களைத் தோளால் தள்ளியே ஜெயித்துப் பழகியவன், நாளைக்குத் தன் வயதுக்காரர்களோடு செலக்‌ஷனில் நிற்கும்போது பந்தை வாங்கித் திரும்பக்கூடத் தெரியாமல் திணறுவான். அவனையும் சேர்த்துத்தான் கெடுக்கிறோம்.

அடுத்த மாதம் எங்கள் ஊரில் ஆட்டம். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லா மேனேஜர்களும் ஒரிஜினலோடு வாங்க. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கட்டும், சந்தேகம் இருந்தால் அங்கேயே சொல்லட்டும். விசில் அடித்த பிறகு எந்தப் பையனையும் நிறுத்தி வைத்து வயது கேட்க விடமாட்டோம்.