எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று என் வயலை அழித்துவிட்டார்கள்

மூன்று வருடமாக மொபைலில் ஒரு சின்ன நெல் விளையாட்டு விளையாடி வந்தேன். நாற்று விட்டு, பறித்து, நட்டு, களை எடுத்து, தண்ணீரை வடித்து, அப்புறம்தான் அறுவடை. தண்ணீர்கூட முறை வைத்துத்தான் வரும். வந்த அன்று மடையைத் திறக்காமல் விட்டால் பயிர் காய்ந்துவிடும். மன்னார்குடி பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்தவன் நான். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்தக் காத்திருப்பை ஒரு விளையாட்டு இவ்வளவு சரியாகப் பிடித்ததே என்று பூரித்துப் போயிருந்தேன்.

போன வாரம் அப்டேட் வந்தது. ‘இனி எல்லாரும் விளையாடலாம்!’ என்று பெரிய எழுத்தில். உள்ளே போனால் மடை இல்லை, களை இல்லை, முறை இல்லை. ‘ஆட்டோ’ பட்டனைத் தொட்டால் பத்து விநாடியில் நெல் விளைகிறது. விளம்பரம் பார்த்தால் மூட்டை இரண்டு மடங்கு. தினமும் வந்தால் வைரம். நெல் வயலில் வைரத்துக்கு என்ன வேலை?

கஷ்டமாக இருக்கிறதென்று பலர் பாதியில் விட்டுப் போகிறார்களாம், அதுதான் காரணமாம். போகட்டுமே! நெல்லிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகம்: ஆடுதுறை 43 குறுவைப் பட்டத்துக்கு. 110 நாளில் வந்துவிடும். சி.ஆர். 1009 ரகம் சம்பாப் பட்டத்துக்கு. அது ஐந்து மாதம் தாண்டும். எல்லாப் பட்டத்துக்கும் எல்லா மண்ணுக்கும் ஒரே நெல் என்று யாராவது விதை விற்க வந்தால் எங்கள் ஊரில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2020இல் எடெல்வைஸ் என்ற சின்ன ஜப்பானியக் குழு ‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ருயின்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. பாதி சண்டை, பாதி நெல் சாகுபடி. விதை தேர்வு, நடவு இடைவெளி, தண்ணீர் மட்டம், உரம், கதிரடிப்பு என்று எதையும் விடவில்லை. விளையாடியவர்கள் குறிப்பு தேடி அந்த நாட்டு விவசாய அமைச்சகத்தின் இணையதளத்துக்கே போனார்கள். இவ்வளவு நுணுக்கமாக இருந்தும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ என்ற சண்டை விளையாட்டில் எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. ஒரு வருடத்தில் இரண்டு கோடி விற்றது. அவர்கள் யாரும் கூட்டத்தைப் பார்த்து விளையாட்டை நீர்த்துப்போகச் செய்யவில்லை.

காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்வர் செலவு இருக்கிறது, ஆள் சம்பளம் இருக்கிறது. 500 ரூபாய் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லையே! புதிதாக வருகிறவனுக்கு ஆட்டோ வேண்டுமென்றால் தனியாக ஒரு எளிய முறை வைத்திருக்கலாம். என் மடையை ஏன் பிடுங்க வேண்டும்?

நேற்று இரவு கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தேன். மூன்று வருடமாக நான் சமன் பண்ணி வைத்திருந்த ஆறு வயலுக்கும் நடுவே வரப்பைக் காணோம். ஒரே பச்சைத் தரையாக்கி, மேலே தங்கப் பெட்டி ஒன்றை மிதக்க விட்டிருந்தார்கள். மொபைலிலிருந்து எடுத்துவிட்டேன்.